ஆறு வாரம் முடிந்துவிட்டது, நான் தேறுவேனா?

கேள்வி: கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஓர் இன்வெஸ்ட்மென்ட் பேங்கில், கம்பெனிகளை வாங்கி விற்கும் டீல்களைக் கவனிக்கும் குழுவில் பத்து வார சம்மர் இன்டர்ன்ஷிப் கிடைத்தது. ஆறு வாரம் ஓடிவிட்டது. தினமும் வீடு திரும்ப இரவு ஒன்று, இரண்டு மணி ஆகிறது. செய்வதெல்லாம் ஸ்லைடில் எழுத்தைச் சரிசெய்வதும் எக்ஸெலில் எண்களை நிரப்புவதும்தான். போன வாரம் ஒரு கம்பெனியின் கடனைப் பழைய ஆண்டறிக்கையிலிருந்து எடுத்துவிட்டேன். நள்ளிரவில், என் வேலையைச் சரிபார்க்கும் அசோசியேட் கண்டுபிடித்தார். இடைக்கால மதிப்பீட்டில் 'கவனம் போதவில்லை, கேள்வியே கேட்பதில்லை' என்றார்கள். படிப்பு முடிந்ததும் நிரந்தர வேலைக்கு வரச் சொல்லும் ரிட்டர்ன் ஆஃபர் எனக்கு வருமா? வந்தாலும் இந்த வேலை வேண்டுமா என்றே தெரியவில்லை. அம்மா எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: முதலில் கொஞ்சம் கடுமையாக ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் வேலை பார்க்கும் டீலில் இருக்கும் கம்பெனியின் பெயரைக் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அதை அடித்துவிட்டேன். இன்னும் அறிவிக்கப்படாத டீல் அது. பட்டியலிடப்பட்ட கம்பெனியைப் பற்றி வெளியே வராத செய்தியை வைத்து யாராவது பங்கு வாங்கினால், வாங்கியவர் மட்டுமல்ல, செய்தியைச் சொன்னவரும் சட்டத்தின் பிடிக்குள் வரலாம். குழுவில் ஒவ்வொரு டீலுக்கும் ஒரு புனைபெயர் வைத்திருப்பார்களே, அது இதற்காகத்தான். லிஃப்டில், போனில், அம்மாவிடம், எங்கேயும் அந்தப் பெயர் உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது. மற்ற எந்தத் தவறையும் திருத்திக்கொள்ளலாம். இது மட்டும் நடந்தால் அன்றைக்கே வேலை போய்விடும்.

இனி உங்கள் கேள்வி. அவர்களுக்கு நான் வேண்டுமா, எனக்கு இந்த வேலை வேண்டுமா என்று இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டாவதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். நாலு மணி நேரம் தூங்கி எழுந்து அப்படிப்பட்ட முடிவை எடுக்க முடியாது. முதல் கேள்விக்கு இன்னும் நாலு வாரம் இருக்கிறது. அது தாராளமாகப் போதும்.

மதிப்பீட்டு முறைகளையெல்லாம் படித்துவிட்டுப் போனவருக்கு எழுத்தின் அளவை மாற்றும் வேலை அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பக்கம் எங்கே போகிறது என்று பாருங்கள். அசோசியேட், வைஸ் பிரசிடென்ட், எம்.டி. என்று ஏறிக் கடைசியில் வாடிக்கையாளரின் இயக்குநர் குழு மேசைக்குப் போகிறது. அங்கே ஓர் எண் தப்பு என்று ஒருவர் சுட்டிக்காட்டினால் ஸ்லைடுகளைத் தொகுத்த அந்தப் புத்தகத்தில் உள்ள மற்ற எண்களையும் யாரும் நம்ப மாட்டார்கள். இந்தப் பெண் கொடுத்த பக்கத்தை நான் முதலிலிருந்து சரிபார்க்காமல் மேலே அனுப்பலாமா? உங்களைப் பற்றி அசோசியேட் மனதில் இருக்கும் ஒரே கேள்வி இதுதான். வருங்காலப் பணவரவை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கம்பெனியை மதிப்பிடும் டி.சி.எஃப் மாடலை எவ்வளவு வேகமாகப் போடுகிறீர்கள் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

போன வாரத் தவறையே எடுத்துக்கொள்வோம். என்டர்பிரைஸ் வேல்யூ என்பது, சுருக்கமாகச் சொன்னால், பங்குகளின் சந்தை மதிப்போடு கடனைக் கூட்டி, கையிலிருக்கும் ரொக்கத்தைக் கழித்தால் வருவது. சந்தை மதிப்பு 800, கடன் 200, ரொக்கம் 100, எபிட்டா (வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்தைய லாபம்) 100 என்றால், என்டர்பிரைஸ் வேல்யூ 900; அதை எபிட்டாவால் வகுத்தால் வரும் மடங்கு 9. ஆண்டறிக்கைக்குப் பிறகு அந்தக் கம்பெனி கடன் பத்திரம் வெளியிட்டு ஒரு தொழிற்சாலை கட்டத் தொடங்கி, கடன் 500 ஆகியிருந்தால் மடங்கு 12. இன்றைய பங்கு விலையையும் பழைய கடனையும் சேர்த்துப் போட்டால் விலை உயர்ந்த கம்பெனி மலிவாகத் தெரியும். ஒத்த கம்பெனிகளை ஒப்பிடும் பட்டியலின் இடைநிலை மதிப்பு நகரும். அதை வைத்து வாடிக்கையாளரிடம் சொல்லும் விலையும் நகரும். நீங்கள் 'எண் நிரப்புவது' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வேலையில் இவ்வளவு இருக்கிறது.

ஆகவே அனுப்புவதற்கு முன் பக்கத்தைத் தாளில் பிரின்ட் எடுங்கள். திரையில் கண் வழுக்கிக்கொண்டு போய்விடும். பேனாவை எடுத்து ஒவ்வொரு எண்ணையும் அது வந்த அறிக்கையின் பக்கத்தோடு ஒப்பிட்டு டிக் போடுங்கள். எந்த அறிக்கை, எந்தத் தேதி என்பதை எக்ஸெலில் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். ஆயிரமா மில்லியனா, எந்த நாணயம், அடிக்குறிப்பின் தேதி சரியா, அட்டவணையில் உள்ள எண்தான் பக்கத்துப் படத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள். சில கம்பெனிகளுக்கு நிதியாண்டு மார்ச்சில் முடியும், சிலவற்றுக்கு டிசம்பரில். அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒப்பீடே பிசகும். மார்ச்சில் முடியும் கம்பெனிக்கு அந்த ஆண்டு மார்ச்சில் முடியும் நிதியாண்டின் எண்ணில் கால் பங்கும் அடுத்த ஆண்டு மார்ச்சில் முடியும் நிதியாண்டின் எண்ணில் முக்கால் பங்கும் எடுத்துச் சேர்த்தால் காலண்டர் ஆண்டுக்கு வந்துவிடும். எல்லாக் கம்பெனிகளின் மடங்கும் 8, 9, 10 என்று இருக்கும்போது ஒன்று மட்டும் 31 என்று நின்றால், காரணத்தை நீங்கள் முதலில் தேடிக் கண்டுபிடித்து மின்னஞ்சலில் ஒரு வரியாக எழுதி அனுப்புங்கள். அந்த ஒரு வரி மதிப்பீட்டுக் கூட்டத்தில் உங்களுக்காகப் பேசும்.

தவறு அனுப்பிய பிறகு கண்ணில் பட்டால் உடனே சொல்லிவிடுங்கள். 'ஏழாம் பக்கத்தில் கடன் தப்பு, இந்தப் பக்கங்கள் மாறும், திருத்தியது இணைப்பில்' என்றால் போதும். நீளமான மன்னிப்பைப் படிக்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

கேள்வி கேட்பதில்லை என்று சொன்னதும் இதோடு சேர்ந்ததுதான். தெரியாதது வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம் உங்களுக்கு. வேலையைக் கையில் வாங்கும்போதே கேளுங்கள்: எப்போது வேண்டும், யார் பார்க்கப் போகிறார்கள், இதற்கு முன் செய்த மாதிரி ஏதாவது இருக்கிறதா? நடுவில் எழும் சந்தேகங்களைச் சேர்த்து வைத்து ஒரே தடவையில், 'நான் இப்படிச் செய்யலாம் என்று நினைக்கிறேன், சரியா?' என்று கேளுங்கள். இரண்டு பேர் ஒரே இரவில் இரண்டு வேலை கொடுத்தால் இரண்டையும் தலையில் போட்டுக்கொண்டு விழிக்காதீர்கள். எது முதலில் என்று இருவரையும் சேர்த்தே கேளுங்கள், இல்லாவிட்டால் வேலை பிரித்துக்கொடுக்கும் ஸ்டாஃபரிடம் போங்கள். அவர் அந்தப் பொறுப்பில் இருப்பதே அதற்குத்தான்.

இரவுகளைப் பற்றி. பகலில் மேலதிகாரிகள் வாடிக்கையாளர்களோடு இருக்கிறார்கள். திருத்தங்கள் மாலையில்தான் வருகின்றன, வேலை இரவில் குவிகிறது. ஆகவே மதியம் கிடைக்கும் வெற்று நேரத்தை நாற்காலியில் உட்கார்ந்து காட்டுவதற்கு வீணாக்காதீர்கள். அடுத்த வேலையின் அறிக்கைகளை இறக்கி வையுங்கள், சாப்பிடுங்கள், நடந்துவிட்டு வாருங்கள். தூக்கத்தைத் தியாகம் செய்வது திறமைக்குச் சான்று என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். 2013இல் லண்டனில் ஒரு வங்கியில் இன்டர்னாக இருந்த 21 வயது மாணவர் வலிப்பு வந்து இறந்தார். சோர்வு அதைத் தூண்டியிருக்கலாம், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றது விசாரணை. அதன் பிறகுதான் இந்தத் துறை கொஞ்சமாவது விழித்தது. 2015இல் கோல்ட்மேன் சாக்ஸ் தன் சம்மர் இன்டர்ன்கள் நள்ளிரவுக்கு மேல் அலுவலகத்தில் இருக்கக் கூடாது, காலை 7 மணிக்கு முன் வரவும் கூடாது என்றது. ஜே.பி. மார்கன் 2024இல் இளநிலை வங்கியாளர்களுக்குப் பெரும்பாலும் வாரம் 80 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. 80கூட அதிகம் என்பதுதான் என் எண்ணம். உங்களுக்குத் தலைசுற்றல், படபடப்பு, பகலில் கண் இருட்டுவது எதுவாக இருந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள், மனிதவளப் பிரிவுக்கும் எழுதுங்கள். எந்த ஆஃபருக்காகவும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நான் சொன்னதையெல்லாம் செய்தும் ஆஃபர் வராமல் போகலாம். அந்த ஆண்டு டீல்கள் குறைந்தால் நல்லவர்களையும் விட்டுவிடுவார்கள். இந்த ஆறு வாரத்தில் கற்றது மதிப்பீட்டுப் பணி, ரேட்டிங் நிறுவனங்கள், கம்பெனிகளின் நிதிப் பிரிவு என்று எங்கேயும் செல்லும். அம்மாவிடம் இப்போதே, முடிவு இன்னும் வரவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். உங்கள் தோளில் இருக்கும் பாரத்தில் பாதி அங்கேயே இறங்கிவிடும்.

இந்த வேலை எனக்கு வேண்டுமா என்ற கேள்வியை எட்டாவது வாரத்தில் எடுத்துப் பாருங்கள். உங்களைவிட மூன்று வருடம் மூத்த அசோசியேட்டிடம் 'வேலை பிடித்திருக்கிறதா' என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். 'போன ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தீர்கள்' என்று கேளுங்கள். உங்களுக்கும் ஒரு கேள்வி: இந்த ஆறு வாரத்தில் நேரம் போவது தெரியாமல் செய்த வேலை எது? ஆண்டறிக்கை படித்ததுதான் என்றால் பங்கு ஆய்வுப் பக்கம் உங்களுக்குப் பொருந்தலாம். பேரம் நடக்கும் அழைப்பில் ஓரமாக உட்கார்ந்து கேட்டதுதான் என்றால் இந்த இடமே சரியாக இருக்கலாம். ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை என்றால் அதையும் மறைக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆஃபர் வந்தால் பதில் சொல்ல ஒரு கடைசித் தேதி கொடுப்பார்கள். சந்தோஷத்தில் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். முதல் இரண்டு மூன்று நாள் நன்றாகத் தூங்கிவிட்டு, அதன் பிறகு உட்கார்ந்து யோசியுங்கள்.