பெட்ரோலா, கரண்டா? டெல்டா வாசகர் கேள்வி – பதில்

பெட்ரோல் காரை விட்டு மின்சாரக் காருக்கு மாறலாமா என்று கேட்டு வந்த கடிதங்களில் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டவை.

திருவாரூரில் வீடு, மன்னார்குடியில் பள்ளிக்கூடம். தினமும் போக வர 56 கி.மீ. ஓட்டுகிறேன். பழைய பெட்ரோல் கார் 16 கி.மீ. மைலேஜ் கொடுக்கிறது. மின்சாரக் கார் எனக்குக் கட்டுப்படியாகுமா?
– ஓர் ஆசிரியை, திருவாரூர்

உங்களுக்குக் கட்டுப்படியாகும். உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆகாமல் போகலாம். ஆண்டுக்கு எத்தனை கி.மீ. ஓடுகிறது என்பதுதான் இதில் முதல் கேள்வி.

பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் உங்கள் காருக்குக் கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 30 காசு ஆகிறது. 30 யூனிட் பேட்டரி உள்ள சிறிய மின்சாரக் கார், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, வீட்டு மீட்டரில் ஓடும் ஒரு யூனிட்டுக்கு 6 கி.மீ. போகும். விளம்பரத்தில் இதைவிடக் கூடுதலாகச் சொல்வார்கள், ஏ.சி. போட்டு நம் சாலையில் ஓட்டினால் 6 என்று வைப்பதே நல்லது. யூனிட் 9 ரூபாய் என்று கொண்டால் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய். மிச்சம் 4 ரூபாய் 80 காசு. பள்ளிக்கூடம், விசேஷம், ஆஸ்பத்திரி எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 15,000 கி.மீ. என்றால் 72,000 ரூபாய் மிஞ்சும். புது பெட்ரோல் காருக்கும் மின்சாரக் காருக்கும் விலை வித்தியாசம் மூன்றரை லட்சம் என்றால் ஐந்து ஆண்டில் ஈடாகிவிடும். இதே காரை ஆண்டுக்கு 6,000 கி.மீ. மட்டும் ஓட்டுபவருக்குப் பன்னிரண்டு ஆண்டு ஆகும். அவர் பழைய காருக்கு நாலு டயர் மாற்றிக்கொண்டு பேசாமல் இருக்கலாம்.

இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக இறங்கிவிட்டது. மின்சாரக் காருக்கு முன்பும் 5, இப்போதும் 5. அதனால் விலை வித்தியாசத்தைப் பழைய பட்டியலை வைத்துப் போடாதீர்கள். ஆன்–ரோடு விலையை இரண்டுக்கும் எழுதி வாங்குங்கள். சாலை வரிச் சலுகைக்குக் கெடு வைத்துத்தான் அரசு கொடுக்கிறது. புக்கிங் நாள் கணக்கில் வராது, வண்டி பதிவாகும் நாள்தான் கணக்கு.

அடுத்தது கரண்ட் பில். உங்கள் ஓட்டத்துக்கு இரண்டு மாதத்தில் 400 யூனிட்டுக்கு மேல் கூடும். வீட்டுச் செலவு ஏற்கெனவே 350 என்றால் மொத்தம் 750ஐத் தாண்டும். 500ஐத் தாண்டியதுமே குறைந்த விலைப் படிகள் போய்விடுகின்றன. வழக்கமான வீட்டு உபயோகத்துக்கும் சேர்த்து பில் ஏறும். நான் யூனிட்டுக்கு 9 ரூபாய் போட்டது இதற்காகத்தான். மாடியில் நிழல் விழாத இடம் இருந்தால் 3 கிலோவாட் சோலார் போடுவதைப் பற்றி யோசியுங்கள். நாளுக்கு சுமார் 12 யூனிட் தரும். மத்திய அரசின் மானியம் 78,000 ரூபாய். காருக்கு ஆகும் யூனிட்டை அது தாராளமாகச் சமாளிக்கும்.

கார் வாங்கிய மூன்றாம் வாரமே 15 ஆம்பியர் பிளக் உருகிவிட்டது. புது சாக்கெட் மாற்றியும் சில நாள் சார்ஜர் சிவப்பு விளக்கு காட்டி நின்றுவிடுகிறது. கார் கம்பெனி வீட்டைக் குறை சொல்கிறது, எலெக்ட்ரீஷியன் காரைக் குறை சொல்கிறார்.
– ஒரு வாசகர், பாபநாசம்

இந்த வழக்கில் கம்பெனி பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

15 ஆம்பியர் சாக்கெட் கீசருக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் போடுவது. அவை பத்து இருபது நிமிடம் இழுத்துவிட்டு ஓய்ந்துவிடும். கார் சார்ஜர் அதே சாக்கெட்டில் எட்டு ஒன்பது மணி நேரம் விடாமல் இழுக்கிறது. உள்ளே ஒரு திருகு கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் அந்த இடம் சூடாகி, பிளாஸ்டிக் இளகி, பிடி இன்னும் தளர்ந்து, இன்னும் சூடாகும். சாக்கெட்டை மட்டும் மாற்றினால் அடுத்த மாதம் புதியதும் உருகும்.

செய்ய வேண்டியது இது. மீட்டர் பலகையிலிருந்து காருக்கென்று தனி லைன் இழுங்கள். வேறு எதையும் அதில் கோர்க்கக் கூடாது. 4 சதுர மி.மீ. செம்பு ஒயர் போதும். வீட்டில் கிடக்கிற 2.5 ஒயரை 30 மீட்டர் இழுத்தால் ஆறேழு வோல்ட் அதிலேயே போய்விடும். சுமார் 100 வாட் சுவருக்குள் சூடாக வீணாகும். அளவுக்கு மேல் கரண்ட் போனால் துண்டிக்கும் 20 ஆம்பியர் எம்.சி.பி., மின் கசிவு கண்டால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இரண்டும் வேண்டும். ஆர்.சி.சி.பி.யில் ‘ஏ’ டைப் என்று கேட்டு வாங்குங்கள். வீடுகளில் வழக்கமாக மாட்டும் ‘ஏசி’ டைப், கார் சார்ஜரில் வரக்கூடிய சில வகை மின் கசிவைக் கண்டுபிடிக்காது. சாக்கெட் இரும்புப் பெட்டியோடு வரும் கனமான ரகமாக இருக்கட்டும். மாட்டிய பிறகு ஒரு மணி நேரம் சார்ஜ் ஓடவிட்டு, பிளக்கைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கையை எடுக்கத் தோன்றினால் எங்கோ திருகு தளர்வு.

இனி சிவப்பு விளக்கு. அது பெரும்பாலும் எர்த். மல்டிமீட்டர் வைத்து மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள்: ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த். முதல் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். மூன்றாவது 2, 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 10, 15 காட்டினால் எர்த் செத்துவிட்டது. பழைய வீடுகளில் எர்த் ஒயரைத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். இரும்புக் குழாய் பி.வி.சி. ஆன நாளோடு அந்த எர்த்தும் போயிற்று. நம் வண்டல் மண் ஐப்பசி கார்த்திகையில் ஊறிக் கிடக்கும்போது மோசமான எர்த்கூட வேலை செய்யும். சித்திரையில் மண் வெடித்ததும் கைவிடும். “சில நாள் மட்டும்” என்று நீங்கள் எழுதியதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். புதிதாகக் குழி எடுத்து செம்புப் பூச்சுக் கம்பி இறக்குங்கள். நாகை, வேதாரண்யம் பக்கம் உப்பு மண்ணில் ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) சீக்கிரம் அரித்துவிடும். அங்கே செம்புப் பூச்சு கட்டாயம்.

ஒரு எச்சரிக்கை. சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துச் சார்ஜரை ஏமாற்றும் ‘கைவேலை’ ஒன்று உண்டு. பச்சை விளக்கு எரியும், எல்லோருக்கும் சந்தோஷம். மழைக்காற்றில் நியூட்ரல் அறுந்த அன்று காரின் உடம்பு முழுக்கக் கரண்ட் ஏறியிருக்கும். யார் செய்து கொடுத்தாலும் அன்றைக்கே பிரித்துப் போடுங்கள்.

எர்த் சரியாக இருந்தும் நின்றால் வோல்டேஜ் பாருங்கள். குறுவைக்கு மோட்டார்கள் ஓடும் நேரத்தில் 180க்கு இறங்கினால், 230இல் 3.4 கிலோவாட் எடுக்கும் சார்ஜர் 2.7தான் எடுக்கும், இன்னும் இறங்கினால் நின்றுவிடும். ஸ்டெபிலைசருக்குச் செலவு செய்வதற்கு முன், காரிலேயே டைமர் வைத்து இரவு பதினொன்றுக்கு மேல் ஏற்றிப் பாருங்கள்.

கொல்லையில் பம்ப்செட் இருக்கிறது. இலவச மின்சாரம்தானே, அதில் காருக்குச் சார்ஜ் போட்டுக்கொள்ளலாமா?
– ஒரு விவசாயி, நீடாமங்கலம்

கூடாது. பாசனத்துக்குக் கொடுத்த இணைப்பை வேறு வேலைக்குப் பயன்படுத்தினால் 2003 மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் வரும். உரிய கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு போடுவார்கள். காருக்கு மிச்சம் பிடிக்கப் போய் பம்ப்செட் இணைப்புக்கே சிக்கல் வரும்.

கஜா புயலின்போது எங்கள் ஊரில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி ஒன்று மறுபடி வந்தால் மின்சாரக் கார் வெறும் தகர டப்பாதானே? வெள்ளத்தில் ஷாக் அடிக்குமா?
– ஒரு வாசகர், வேதாரண்யம்

2018 நவம்பர் 16 அனுபவித்தவர்கள் கேட்க வேண்டிய கேள்விதான். வீட்டில் ஒரே வண்டி, ஊரோ கடலோரம் என்றால் நான் இன்றைக்குப் பெட்ரோல் வண்டியையே சொல்வேன். இரண்டு வண்டி உள்ள வீட்டில் ஒன்று மின்சாரமாக இருப்பது புயல் நாளில் உதவியும்கூட. சில மாடல்களில் காரிலிருந்து வீட்டுக்குக் கரண்ட் எடுக்கும் வசதி உண்டு. எச்சரிக்கை வந்ததும் நூறு சதவீதம் ஏற்றி வைத்தால், 45 யூனிட் பேட்டரி, நாளுக்கு 7 யூனிட் செலவில் விளக்கு, மின்விசிறி, ஃபிரிட்ஜை ஐந்தாறு நாள் தாங்கும். எக்ஸ்டென்ஷன் ஒயரில் நேராகப் பொருள்களுக்குக் கொடுங்கள். வீட்டு லைனில் சொருகினால் அது வெளிக் கம்பிக்கும் ஏறி, கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேன் உயிருக்கு ஆபத்து.

வெள்ளத்தைப் பொறுத்தவரை, பேட்டரிப் பெட்டி பெரும்பாலும் ஐ.பி.67 தரம்: ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்குமாறு சோதித்தது. மின் கசிவு தெரிந்தால் கார் தானே உயர் மின்னழுத்தத்தைத் துண்டித்துவிடும். ஆனால் இரண்டு நாள் சேற்றுத் தண்ணீரில் நிற்பது 30 நிமிடக் கணக்கில் வராது. தண்ணீர் இறங்கியதும் சாவி போட்டுப் பார்ப்பதோ சார்ஜ் போடுவதோ வேண்டாம். கட்டி இழுக்காமல், நாலு சக்கரமும் மேலே ஏறும் லாரியில் கொண்டுபோங்கள். சக்கரம் சுற்றினால் மோட்டார் கரண்ட் உண்டாக்கும். இன்ஷூரன்ஸ் போடும்போது ‘இன்ஜின் பாதுகாப்பு’ என்று எழுதியிருந்தால் ஏமாறாதீர்கள். பேட்டரியும் மோட்டாரும் தண்ணீரால் கெட்டால் பணம் வருமா என்று பாலிசியில் வரியைக் காட்டச் சொல்லுங்கள்.

கும்பகோணத்திலிருந்து சென்னைக்கு நடுவில் நிற்காமல் போக முடியுமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

முடியும் என்று கடைக்காரர் சொல்வார். ஏறக்குறைய 290 கி.மீ. 45 யூனிட் கார் 80, 90 வேகத்தில் 300 போகலாம். ஆனால் சென்னைக்குள் 4 சதவீதத்தோடு நெரிசலில் நிற்க யாருக்கும் மனசு வராது. நூறு சதவீதத்தோடு புறப்பட்டு, அணைக்கரை, சேத்தியாத்தோப்பு தாண்டி, விக்கிரவாண்டி–திண்டிவனம் பகுதியில் டிபனுக்கு நிற்கும்போது ஏற்றிக்கொள்வதே நிம்மதி. 20இலிருந்து 80 வரை ஏற்ற 27 யூனிட் வேண்டும்: 60 கிலோவாட் சார்ஜரில் முக்கால் மணிக்குள் முடியும், 30 கிலோவாட்டில் ஒரு மணி நேரம். 80க்கு மேல் ஆமை வேகம், காத்திருக்க வேண்டாம். வெளியில் யூனிட் 20, 25 ரூபாய் வரை ஆகும். கிலோமீட்டருக்கு நாலு ரூபாய் என்றால் பெட்ரோலுக்கும் இதற்கும் வித்தியாசம் சுருங்கிவிடுகிறது பாருங்கள். வீட்டில் சார்ஜ் போட வசதியில்லாதவர்கள் வாங்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

இரண்டு நிறுவனங்களின் ஆப், இரண்டிலும் முந்நூறு ரூபாய் முன்கூட்டியே போட்டு வைக்கவும். ஆப்பில் அந்த சார்ஜர் கடைசியாக எப்போது வேலை செய்தது என்று பாருங்கள். நேற்றைக்கு யாராவது ஏற்றியிருந்தால் நம்பிப் போகலாம். தீபாவளி, பொங்கல் முன்நாளில் வரிசை நிற்கும். 2028 மகாமகத்துக்குள்ளாவது கும்பகோணத்தைச் சுற்றி வேக சார்ஜர்கள் பெருகினால் வெளியூர்க்காரர்கள் பிழைப்பார்கள்.

மகன் சிங்கப்பூரில். கார் வருஷத்தில் பத்து மாதம் ஷெட்டில் நிற்கிறது. 2015 மாடல் பெட்ரோல் கார். எத்தனால் கலந்த பெட்ரோல் கெடுதல் என்கிறார்கள். மின்சாரக் காராக மாற்றிவிடலாமா?
– ஒரு பெரியவர், பட்டுக்கோட்டை

நிற்கிற காருக்கு எதை வாங்கினாலும் நஷ்டம்தான் ஐயா. இருப்பதையே பார்த்துக்கொள்ளுங்கள். 20 சதவீத எத்தனால் கலந்தால் மைலேஜ் கொஞ்சம் குறையும். அதைவிட, எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களை இளக்கும். பாதி டாங்க் வைத்து மழைக்காலம் முழுவதும் நிறுத்துவது மோசம். உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் எல்லாம் பெட்ரோலில் சேரும். நிறுத்தும் முன் டாங்கை நிரப்புங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை யாரையாவது பத்து கி.மீ. ஓட்டச் சொல்லுங்கள். பெட்ரோல் குழாய்களை ஒருமுறை பரிசோதித்து, வெடிப்பு தெரிந்தால் மாற்றுங்கள்.

மின்சாரக் காராக இருந்திருந்தால் 50 சதவீதத்தில் நிறுத்தி, மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். பெரிய பேட்டரி அப்படியே இருக்கும், சின்ன 12 வோல்ட் பேட்டரிதான் இறங்கிப்போகும். அறுவடைக்குப் பின் வயலை விட்டு வரும் எலிக்கு இரண்டு காரும் ஒன்றுதான். ஷெட்டில் வைக்கோல் அடுக்காதீர்கள்.

எல்.எஃப்.பி. பேட்டரி, என்.எம்.சி. பேட்டரி: எது வாங்கலாம்?
– கல்லூரி மாணவர், மயிலாடுதுறை

இரண்டும் லித்தியம் பேட்டரிதான்: எல்.எஃப்.பி.யில் இரும்பு பாஸ்பேட், என்.எம்.சி.யில் நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட். நம் வெயிலுக்கு எல்.எஃப்.பி.தான். கனம் கூட, ஆனால் சூட்டைத் தாங்கும். வாரம் ஒருமுறை நூறு வரை ஏற்றுங்கள். இல்லாவிட்டால் சதவீதக் கணக்குத் தப்பும். என்.எம்.சி.யை அன்றாடம் 80இல் நிறுத்துங்கள்.

இருபது வருஷமாக பெட்ரோல், டீசல் வண்டி பார்க்கிறேன். பட்டறையை மூட வேண்டியதுதானா?
– ஒரு மெக்கானிக், மன்னார்குடி

இப்போதைக்கு இல்லை. இன்று ஓடும் பெட்ரோல் கார்கள் இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் ஓடும். மின்சாரக் காரிலும் சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், டயர், வீல் பேரிங், ஏ.சி., 12 வோல்ட் லைன் எல்லாம் உங்கள் கை பழகிய வேலைதான். கனம் கூடியதால் டயரும் புஷ்ஷும் சீக்கிரம் தேயும். பிரேக் நேர்மாறு: மோட்டாரே வண்டியைப் பிடித்து நிறுத்துவதால் பேடு சீக்கிரம் தேயாது, ஆனால் உபயோகமில்லாமல் காலிப்பர் பின் இறுகும், டிஸ்க்கில் துரு ஏறும். ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் போட வேண்டும். இதை மின்சாரக் கார் வைத்திருப்பவர்களிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள், வேலை வரும்.

ஆரஞ்சு நிற ஒயரை மட்டும் பயிற்சி இல்லாமல் தொடாதீர்கள். அதில் பெரும்பாலும் 300 வோல்ட்டுக்கு மேல் நேர் மின்னோட்டம். பயிற்சி பெற்றவர்கள்கூட 12 வோல்ட் இணைப்பைக் கழற்றி, பெரிய பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, உள்ளே தேங்கிய கரண்ட் வடிய கம்பெனி சொன்ன நேரம் காத்திருந்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வைப்பார்கள். 1000 வோல்ட் கையுறையைப் போடும் முன் ஒவ்வொரு முறையும் அதன் வாயைச் சுருட்டிக் காற்று பிடித்து, ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐ.டி.ஐ.யில் மின் வாகன மெக்கானிக் என்று தனிப் பிரிவே வந்துவிட்டது. அதில் படித்து முடித்த பையன் ஒருவனைப் பட்டறையில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆரஞ்சு ஒயர் அவனுக்கு, காலிப்பர் உங்களுக்கு.