ஸ்டெம் செல் ஆய்வில் 14 நாள் எல்லை எதற்கு?
ஸ்டெம் செல் என்பது எந்த வகை உயிரணுவாக மாறுவது என்று இன்னும் முடிவாகாத உயிரணு. சிங்கப்பூரின் தேக்காவில் பரோட்டா மாவு உருண்டையைப் பார்த்திருப்பீர்கள். அது கோசோங் எனும் வெறும் பரோட்டாவாகலாம், முட்டை பரோட்டாவாகலாம், உள்ளே கறி வைத்த முர்தபாவும் ஆகலாம். கல்லில் விழுந்தபின் மாற்ற முடியாது.

சரி, சண்டை எதற்கு? சில நாள் வயதான கருவிலிருந்து இந்தச் செல்களை எடுத்தால் கரு அழிந்துவிடும். அதையும் மனித உயிராக மதிப்பவர்கள் எதிர்க்கிறார்கள். தீராத நோய்க்கு மருந்து தேடுவோர் ஆதரிக்கிறார்கள். சிங்கப்பூர் 2004இல் சட்டம் போட்டு, மனித நகலாக்கத்தை (குளோனிங்) தடைசெய்தது. உடலுக்கு வெளியே கருவை 14 நாளுக்கு மேல் வளர்க்கவும் தடை. ஏறத்தாழ அதுவரை கரு இரட்டையாகப் பிரியக்கூடும், நரம்பு மண்டலமும் தொடங்கியிராது. என்னைக் கேட்டால், இது மனிதர்கள் பேசி ஒத்துக்கொண்ட கோடுதான்.

அப்புறம், எல்லா ஸ்டெம் செல்லும் கருவிலிருந்து வருவதில்லை. எலும்பு மஜ்ஜையிலும் தொப்புள்கொடி ரத்தத்திலும் உண்டு.