கேள்வி பதில்: ஏபிஐ லாக்கும் டாஷ்போர்டும்

கேள்வி: எங்கள் ஏபிஐக்கு (மற்ற மென்பொருள்கள் அழைக்கும் இடைமுகம்) வரும் அழைப்புகளின் பதிவான லாக்கை எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் தரவுத்தளத்தில் சேர்த்து, அதன் திரையான கிபானாவில் பார்க்கிறோம். பதில் வர ஆகும் நேரத்தைத் தேடினால் கிடைக்கிறது. சராசரிக்கு கிராஃப் போடப் போனால் அந்த ஃபீல்டைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை. ஏன்?

பதில்: ஒரு லாக் வரியைத் திறந்து, நேரம் எப்படிப் பதிவாகிறது என்று பாருங்கள். '245 மி.செ.' (மில்லிசெகண்ட்) என எண்ணோடு அலகும் ஒட்டிக்கொண்டு வந்தால் எலாஸ்டிக்சர்ச் அந்த ஃபீல்டின் வகையை டெக்ஸ்ட் என்றே மேப்பிங் செய்யும், அதாவது குறித்துக்கொள்ளும். தேடலாம், கணக்குப் போட முடியாது. மேற்கோள் குறிக்குள் வெறும் "245" வந்தாலும் இதே கதிதான். அலகும் மேற்கோள் குறியும் இல்லாமல், மதிப்பாக எண்ணை மட்டும் எழுத வையுங்கள்.

அத்தோடு வேலை முடியாது. இருக்கிற இண்டெக்ஸில் (லாக் சேமிக்கப்படும் தொகுப்பு) ஃபீல்டின் வகையை மாற்ற வழியில்லை. புது இண்டெக்ஸுகளுக்கான அமைப்பைச் சொல்லும் டெம்ப்ளேட்டில் அதை 'லாங்' (முழு எண்) என்று அறிவித்து, புது இண்டெக்ஸ் தொடங்கி, பழையதை ரீஇண்டெக்ஸ் செய்ய, அதாவது புதியதற்கு நகலெடுக்க வேண்டும். இடையில் ஓர் இன்ஜெஸ்ட் பைப்லைன் (சேமிக்கும் முன் தரவைத் திருத்தும் படிகள்) வைத்து, அதன் 'ஜிசப்' படி மூலம் அலகை நீக்கி, 'கன்வெர்ட்' படி மூலம் எண்ணாக்குங்கள். பிறகு பழைய இண்டெக்ஸை டேட்டா வியூவிலிருந்து (கிபானா பார்க்கும் இண்டெக்ஸ்களின் பட்டியல்) விலக்கிவிடுங்கள். இரண்டும் சேர்ந்திருந்தால் 'கான்ஃப்ளிக்ட்' என்று காட்டி மறுபடி முரண்டு பிடிக்கும். பழைய லாக் தேவையில்லை என்றால் ரீஇண்டெக்ஸே வேண்டாம்.

கேள்வி: லாக் வந்து சேர்கிறது, ஆனால் 'கடைசி 15 நிமிடம்' என்று வைத்தால் திரை காலி!

பதில்: உள்ளூர் நேரத்தை மண்டலக் குறிப்பு இல்லாமல் எழுதுகிறீர்கள் போலும். எலாஸ்டிக்சர்ச் அதை யூடிசி (உலகப் பொது நேரம்) என்று எடுத்துக்கொள்ளும். இந்தியா போல, யூடிசியைவிடக் கடிகாரம் முன்னே ஓடும் மண்டலத்தில் இருந்தால் உங்கள் லாக் எதிர்காலத்தில் போய் உட்கார்ந்துவிடும். முடிவு நேரத்தை நாளை வரை நீட்டிப் பாருங்கள், தென்படும். ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தேதி-நேர வடிவில், மண்டல வித்தியாசத்தோடு நேரத்தை எழுதினால் சரியாகும்.

கேள்வி: சராசரி நேரம் நன்றாகத்தான் இருக்கிறது. பயனர்கள் மட்டும் 'மெதுவாக இருக்கிறது' என்கிறார்கள். யாரை நம்புவது?

பதில்: பயனர்களை. 100 அழைப்புகளில் 94-க்கு 100 மில்லிசெகண்டும் 6-க்கு 3 செகண்டும் ஆனால் சராசரி 274 மில்லிசெகண்டுதான். பார்க்க அழகாக இருக்கும். 95-ஆவது பெர்சென்டைல் (100-இல் 95 அழைப்புகள் இந்த நேரத்துக்குள் முடியும் என்ற எல்லை) 3 செகண்டைக் காட்டிக் கொடுத்துவிடும். அதை எண்ட்பாயின்ட் (ஏபிஐயில் அழைக்கப்படும் ஒவ்வொரு முகவரி) வாரியாகப் பிரித்து வரையுங்கள். ஆர்டர் எண்ணோடு கூடிய முழு முகவரியால் பிரித்தால் ஒவ்வோர் ஆர்டருக்கும் ஒரு கோடு வந்து கிராஃப் குழம்பும். எண் இருக்கும் இடத்தைப் பொதுவாக விட்ட ரூட் வடிவத்தைத் தனி ஃபீல்டாக லாக்கில் எழுதுங்கள். சர்வர் வாரியாக எடுத்த பெர்சென்டைல்களுக்குச் சராசரி போட்டுவிடாதீர்கள், அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.