பெயர் காத்திருக்கும் ஆப்பிரிக்க வண்டுகள்

கேள்வி: ஆப்பிரிக்காவில் எப்போதோ பிடித்த வண்டுகளைப் ‘புதிய சிற்றினம்’ என்று பல பத்தாண்டுகள் கழித்து அறிவிக்கிறார்களே, இவ்வளவு தாமதம் ஏன்?

பதில்: பிடிப்பதற்கு ஒரு பொழுது போதும், ஒப்பிடுவதில்தான் ஆண்டுகள் கரைகின்றன. உலகில் இதுவரை பெயர் பெற்ற வண்டினங்கள் ஏறத்தாழ 4 லட்சம். சாணவண்டுகளில் ஒன்தோபேகஸ் என்னும் ஒரே பேரினத்தில் 2,000-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உண்டு. அவற்றில் கணிசமானவை ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை. கையிலிருக்கும் வண்டு புதியது என்று சொல்ல வேண்டுமானால், அதற்கு நெருங்கிய இனங்களின் முதல் விவரிப்புகளைத் தேடிப் படித்து, ஐயம் எழும் இடங்களில் ஒவ்வொரு பெயருக்கும் ஆதாரமாக வைக்கப்பட்டிருக்கும் மூலமாதிரியையும் நேரில் பார்த்தாக வேண்டும். அந்த மூலமாதிரிகளில் பெரும்பாலானவை லண்டன், பாரிஸ், பெர்லின், பெல்ஜியத்தின் டெர்வூரன் போன்ற இடங்களின் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. தம் நாட்டு வண்டைப் பார்க்க ஆப்பிரிக்க ஆய்வாளர் ஐரோப்பாவுக்கு விமானம் ஏற வேண்டியிருப்பது காலனி ஆட்சி விட்டுச்சென்ற வினோதம்.

கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும் இனங்களைப் பெரும்பாலும் ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்புதான் காட்டிக்கொடுக்கும். உலர்ந்த உடலை வெந்நீரில் நெகிழச் செய்து, வயிற்றின் நுனி வழியாக அவ்வுறுப்பை மெல்ல இழுத்தெடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் தசைகளைக் கரைத்தபின் நுண்ணோக்கியில் பார்த்து வரைகிறார்கள். பிறகு அதைச் சிறு அட்டையில் ஒட்டி, வண்டின் வலப்பக்க வன்சிறகை (கெட்டியான முன்சிறகை) துளைத்துச் செல்லும் அதே ஊசியில், வண்டுக்குக் கீழே செருகிவிடுகிறார்கள்.

கேள்வி: அந்த ஊசியில் குத்தியிருக்கும் சிறு காகிதச் சீட்டுக்கு அவ்வளவு மதிப்பு உண்டா?

பதில்: உண்டு. எங்கே, எப்போது, யார் பிடித்தார்கள் என்ற குறிப்பு இல்லாத வண்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆய்வுக்கு அநேகமாகப் பயனற்றது. பழைய சீட்டுகளைப் படிப்பதே தனிக் கலை. ‘எலிசபெத்வில்’ என்று எழுதியிருந்தால் இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசின் லுபும்பாஷி. ‘ஸ்டான்லிவில்’ என்றால் கிசங்கானி. இரண்டும் 1966-இல் பெயர் மாறியவை. இவற்றையாவது வரைபடத்தில் வைத்துவிடலாம். தென்னாப்பிரிக்கப் பகுதியிலிருந்து வந்த 19-ஆம் நூற்றாண்டு மாதிரிகளில் ‘காஃப்ராரியா’ என்று ஒரு பரந்த பகுதியின் பழைய பெயர் மட்டும் இருந்தால், எந்த மலை, எந்த ஆற்றங்கரை என்று கண்டுபிடிக்க அச்சேகரிப்பாளரின் பயணக் குறிப்புகளைத்தான் புரட்ட வேண்டும்.

கேள்வி: ஒரே வண்டுக்கு இருவர் பெயர் சூட்டிவிட்டால்?

பதில்: பொதுவாக முந்திய பெயரே நிலைக்கும். விலங்குகளின் அறிவியல் பெயர்களுக்கு 1758-ஆம் ஆண்டே தொடக்கக் கோடு, அதற்கு முந்தைய பெயர்கள் கணக்கில் வராது. பேரினத்தை மட்டும் பின்னர் மாற்றலாம்: சுவீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் 1771-இல் ஸ்காரபேயஸ் பேரினத்தில் சேர்த்த ஆப்பிரிக்கப் பெருவண்டு இன்று கோலியாத்தஸ் பேரினத்தில் இருக்கிறது, அவர் இட்ட கோலியாட்டஸ் என்ற சிற்றினப் பெயர் மட்டும் அப்படியே தொடர்கிறது.