படையிலும் வீட்டிலும் வாழ்ந்த ஒருவரை நினைவுகூர்ந்து எழுதும்போது எதைச் சொல்வது, எதை விடுவது?

உங்கள் பெரியப்பா முன்னாள் ராணுவ வீரர் என்றும், குடும்பத்தில் எல்லோருக்கும் பிரியமானவர் என்றும், அவருடைய நினைவுக் கூட்டத்தில் வாசிக்க ஒரு பக்கம் எழுத வேண்டியிருப்பதால் ராணுவத்தை எவ்வளவு, குடும்பத்தை எவ்வளவு எழுதலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். என் அப்பா இறந்தபோது இதே பொறுப்பு எனக்கு வந்தது. நான் முதலில் எழுதியதைக் கிழித்துப் போட வேண்டியதாயிற்று. அதன் காரணத்தைச் சொன்னாலே உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டபோது அப்பாவுக்குத் தந்த டிஸ்சார்ஜ் புத்தகத்தை எதிரே வைத்துக்கொண்டு, சேர்ந்த நாள், பயிற்சி, பிரிவு, பதவி உயர்வு, பதக்கங்கள், விடுவிக்கப்பட்ட நாள் என்று அதிலிருந்த வரிசையிலேயே ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அவர் படையில் இருந்தது 17 ஆண்டுகள். அதற்குப் பின் எங்களோடு வாழ்ந்த 38 ஆண்டுகளுக்கு, "ஓய்வுக்குப் பின் குடும்பத்தினருடன் வாழ்ந்தார்" என்ற ஒரே வாக்கியம்தான் மிஞ்சியது. அக்கா அதைப் படித்துவிட்டு, "அப்பாவை நாம் எப்படி எழுப்புவோம் என்று ஏன் எழுதவில்லை?" என்று மட்டும் கேட்டாள்.

எங்கள் வீட்டில் தூங்கும் அப்பாவை யாரும் தொட்டு எழுப்பக் கூடாது. அறை வாசலில் நின்று கூப்பிட வேண்டும். அவர் கண் விழித்து எங்களைப் பார்த்த பிறகே அருகில் போகலாம். அம்மா விதித்த இந்த விதியை, அப்பாவின் கண்டிப்புகளில் ஒன்றாகவே சிறு வயதில் நாங்கள் எண்ணியிருந்தோம். துக்கம் விசாரிக்க வந்த, அவரோடு ஒரே பிரிவில் இருந்த நண்பரிடம் கேட்டபோதுதான் காரணம் தெரிந்தது. இரவில் காவல் மாற்றும்போது குரல் எழுப்பக் கூடாது என்பதால் அவர்கள் பிரிவில் தோளைத் தொட்டே எழுப்புவார்களாம். தொட்ட மறுகணம் ஆயுதத்தோடு எழுந்து உட்கார்ந்தாக வேண்டுமாம். "பேர் சொல்லிக் கூப்பிட்டால் ஆபத்தில்லாத இடத்தில் இருக்கிறோம் என்று அர்த்தம்" என்றார் அவர். எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றின் வேர் அந்தப் பதினேழு ஆண்டுகளுக்குள் இருந்தது என்பதை அன்றுதான் அறிந்தேன். ஆகவே ராணுவம் எவ்வளவு, குடும்பம் எவ்வளவு என்று பங்கு பிரிக்க வேண்டாம் என்பேன். உங்கள் பெரியப்பா வீட்டுக்குள் கொண்டுவந்த பழக்கங்களைத் தேடுங்கள்.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. போருக்குப் போய்வந்தவர்களின் நடுக்கத்துக்கும் தூக்கமின்மைக்கும் காலந்தோறும் வெவ்வேறு பெயர்கள் இருந்திருக்கின்றன. பிரிட்டிஷ் மருத்துவர் சார்லஸ் மையர்ஸ் 1915இல் லான்செட் மருத்துவ இதழில் அதை 'ஷெல் ஷாக்' (குண்டு அதிர்ச்சி) என்று எழுதினார். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் என்ற இன்றைய பெயர் 1980இல்தான் அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இடம்பெற்றது. இருந்தாலும் எந்த மருத்துவரும் அப்பாவுக்குச் சூட்டாத பெயரை, அவர் மறுத்துப் பேச முடியாத நாளில் நான் சூட்டுவது முறையன்று என்று பட்டதால், பழக்கத்தை மட்டும் எழுதினேன்.

நண்பரிடம் பேசியதை அலைபேசியில் பதிவு செய்துகொண்டேன். அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகத்தில், 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொடங்கப்பட்ட, முன்னாள் படைவீரர்களின் நினைவுகளைச் சேகரிக்கும் திட்டம் ஒன்று இருக்கிறது. அதற்கு அனுப்பும் நேர்காணல் குறைந்தது 30 நிமிடம் நீள வேண்டும் என்பது விதி. இது ஏன் என்று அன்று புரிந்தது. முதல் அரை மணி நேரம் காலணி, மழை, தாமதமாக வந்த கடிதங்கள் என்றே போயிற்று. தோளைத் தொடும் கதை அதற்குப் பிறகே வந்தது. பெரியப்பாவோடு பணியாற்றியவர்கள் யாராவது இருந்தால் இப்போதே போய்ப் பேசுங்கள், அவசரப்படாமல் பேசுங்கள்.

காகிதங்களையும் ஒதுக்கிவிடாதீர்கள். 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகே ஓர் ஆவணக் காப்பகத்தில் பற்றிய தீயில், அமெரிக்கப் படையினரின் கோப்புகள் 1 கோடியே 60 லட்சத்துக்கும் மேல் எரிந்துபோயின. வீட்டுப் பெட்டியில் ஒரு நகல் வைத்திருந்த குடும்பங்களுக்கு மட்டும் அந்த இழப்பு கொஞ்சம் குறைவாக இருந்திருக்கும். எனக்கோ காகிதம் வேறு விதத்தில் உதவியது. அப்பாவின் பதக்கங்களில் ஒன்று வீரச் செயலுக்காகக் கிடைத்தது என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம். அக்காவின் மகன் அதைப் பள்ளியில் பேசிப் பரிசுகூட வாங்கியிருக்கிறான். புத்தகத்தைப் பார்த்தால், அது அந்தக் களத்தில் பணியாற்றிய அனைவருக்கும் வழங்கப்பட்ட பதக்கம். அப்பா ஒருபோதும் அதைப் பெருமையாகச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது; நாங்களாகவே கட்டிய கதை அது. கூட்டத்தில் அவருடைய பழைய தோழர்களும் அமர்ந்திருப்பார்கள் என்பதால் மட்டுமல்ல, அவர் கேட்காத புகழை அவர் மீது ஏற்றக் கூடாது என்பதாலும் உள்ளதை உள்ளபடியே எழுதினேன். மருமகனுக்குச் சற்று வருத்தம்தான்.

நீளத்தைப் பொறுத்தவரை எனக்கு வழிகாட்டியது ஒரு கல்லறை விதி. முதல் உலகப் போரில் மாண்ட பிரிட்டிஷ் பேரரசின் படையினருக்காக 1917இல் தொடங்கப்பட்ட போர்க் கல்லறை ஆணையம், அதிகாரியானாலும் சிப்பாயானாலும் ஒரே அளவுக் கல்லை நிறுத்தியது. பதவி, பெயர், பிரிவு, இறந்த நாள் ஆகியவற்றை ஆணையமே பொறித்துவிடும். அடியில் குடும்பத்தார் சேர்க்கும் வரி இடைவெளி உட்பட 66 எழுத்துகளுக்குள் அடங்க வேண்டும். மேலே ஏற்கெனவே இருப்பதைத் திரும்பச் சொல்லி அந்த 66 எழுத்துகளை யார் வீணாக்குவார்கள்? நானும் அப்பாவைப் பற்றி அப்படி ஒரு வரி எழுதிப் பார்த்துத் தோற்றேன். ஆனால் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இருப்பவை நான்கு வரிகளாகச் சுருங்கின, மிச்சப் பக்கம் முழுவதும் எங்களுக்கு மட்டுமே தெரிந்த அப்பாவுக்குக் கிடைத்தது.

அந்தப் பக்கத்தைக் கடைசி வாரத்து நிகழ்ச்சி ஒன்றோடு முடித்தேன். மருத்துவமனையில் பணி மாறி வரும் ஒவ்வொரு செவிலியரிடமும் அம்மா எழுந்து போய், "தோளைத் தொடாதீங்கம்மா, பேர் சொல்லிக் கூப்பிடுங்க, கண்ணைத் திறந்துடுவார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.