கடை கம்பெனி பெயரில்தான், வீட்டுக்கு ஆபத்து வருமா?

கேள்வி: மதுரையில் ஒரு டீக்கடை செயினின் ஃபிரான்சைஸ் எடுக்கப்போகிறோம். நானும் மனைவியும் இயக்குநர்களாக ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி பதிவுசெய்திருக்கிறோம். ஒப்பந்தம் 5 வருடம். இருவரும் தனிப்பட்ட உத்தரவாதம் தரவேண்டுமாம். தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் பதில் அவர்கள் நியமிக்கும் நடுவர் (ஆர்பிட்ரேட்டர்) ஹரியானாவின் குருகிராமில் விசாரிப்பாராம். நஷ்டத்தில் கடையை மூடினால் எங்கள் வீடு போய்விடுமா?

பதில்: இப்போதுள்ள வாசகத்தில் கையெழுத்துப் போட்டால் அந்த அபாயம் உண்டு. கம்பெனி கடன் கம்பெனியோடு நிற்கும் என்பது சரிதான். ஆனால் சொந்தப் பெயரில் ஜாமீன் போட்டவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாதவரை, ஜாமீன்தாரர் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 128-வது பிரிவு. முதலில் கம்பெனியிடம் வசூலித்துப் பார்க்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

ஆகவே அந்த 'வேறு விதத்தை' எழுத்தில் வாங்குங்கள். "உத்தரவாதம் தருபவரின் மொத்தப் பொறுப்பு, வட்டியும் வழக்குச் செலவும் உட்பட, இத்தனை லட்சத்தைத் தாண்டாது" என்று ஒரு வரி வேண்டும். 'வட்டியும் செலவும் உட்பட' என்பதை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் வரம்புக்கு மேலும் கேட்பார்கள். கடையை ஒப்படைத்து 90 நாளில் உத்தரவாதம் முடியும் என்றும் சேர்க்கச் சொல்லுங்கள். மனைவி கையெழுத்து எதற்கு? ஒருவர் போதும் என்று உறுதியாகக் கேளுங்கள், வீடு அவர் பெயரில் இருந்தால் இன்னும் உறுதியாக.

பாதியில் மூடினால் மீதி வருடங்களின் ராயல்டி (பிராண்டைப் பயன்படுத்தக் கட்டும் தொகை) முழுவதையும் கட்டவேண்டும் என்று ஒரு ஷரத்து இருக்கிறதா பாருங்கள். இருந்தாலும் பதற வேண்டாம். அதே ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவுப்படி அந்தத் தொகை உச்சவரம்புதான். அதற்குள் அவர்களுக்கு நியாயமான இழப்பீடே கிடைக்கும்.

நடுவர் விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம். வழக்கின் முடிவில் அக்கறை உள்ள தரப்பு தானாகவே ஒற்றை நடுவரை நியமிக்க முடியாது என்று பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் தகராறு வந்த பிறகு, "இந்த நடுவர் எங்களுக்குச் சம்மதம்" என்று ஒரு கடிதத்தை நீட்டுவார்கள். அதில் கையெழுத்துப் போட்டால் ஆட்சேபிக்கும் உரிமை போய்விடும்.

ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷனின் (நடுவர் விசாரணையின்) இருக்கை, அதாவது எந்த ஊர் நீதிமன்றத்துக்கு அது கட்டுப்பட்டது என்பதைத் தீர்மானிக்கும் இடம், குருகிராம் என்றிருந்தால், நடுவரை நியமிக்கச் சொல்லிக் கேட்க நீங்கள் போகவேண்டியது சண்டிகரில் உள்ள பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றத்துக்கு. விசாரணை காணொலியில் நடந்தாலும் இது மாறாது. இருக்கையை மதுரை அல்லது சென்னை என்று மாற்றச் சொல்லுங்கள். இதில் பிடிவாதமாகவே இருக்கலாம்.

கடைசியாக, தொகை எழுதாத செக் கேட்டால் கொடுக்காதீர்கள். கம்பெனி செக்காக இருந்தாலும், அது திரும்பினால் கையெழுத்துப் போட்டவர் மீதும் செலாவணி முறிச் சட்டத்தின் 138-வது பிரிவில் கிரிமினல் வழக்கு வரும். உத்தரவாதத்தில் போட்ட வரம்பு அந்த வழக்கைத் தடுக்காது.