ஏ4 தாளில் ஏ9 வீதி

கேள்வி: அச்சிட்டு மடித்த தாள்களை வைத்து வீட்டிலேயே கலைப்புத்தகம் செய்ய என்னென்ன வேண்டும்? சின்ன ஊரில் இருப்பவருக்குச் சரிவருமா?

சரிவரும். கலைப்புத்தகம் என்றால் மடிப்பும் வடிவமும் சேர்ந்தே கலையாகும் புத்தகம். நான் இருப்பது இலங்கையின் வடக்கே, மாங்குளத்துக்குப் பக்கத்தில். போட்டோக்கொப்பிக் கடை ஒன்று, அடிமட்டம், பிளேட், மை தீர்ந்த பேனை, கொஞ்சம் கோதுமை மா. ஆறேழு சின்னப் புத்தகங்கள் செய்துவிட்டேன், இவற்றுக்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

முதல் புத்தகத்துக்குப் பசைகூட வேண்டாம். ஒரு ஏ4 தாளை எட்டாக மடித்து விரியுங்கள். தாளைப் படுக்கையாக வைத்து, நீளவாட்டில் ஓடும் நடு மடிப்பில் உள்ளிரண்டு கட்டங்களின் அகலத்துக்கு மட்டும் வெட்டுங்கள். இனித் தாளை நீளவாட்டில் இரண்டாக மடித்து, இரு முனைகளையும் உள்ளே தள்ளினால் வெட்டு வாய் திறந்து எட்டுப் பக்கப் புத்தகமாகும். பக்க ஒழுங்குதான் தலையைச் சுற்றும். கீழ் வரிசையில் இடமிருந்து வலமாக 6, 7, பின்னட்டை, முன்னட்டை. மேல் வரிசையில் 5, 4, 3, 2, அந்த நாலும் தலைகீழாக. இதை நம்பி உடனே அச்சுக்குக் கொடுக்காதீர்கள். வெறுந்தாளில் ஒன்று மடித்து, பென்சிலால் எண் போட்டு, விரித்துப் பாருங்கள். நான் பார்க்காமல் கொடுத்து முப்பது பிரதி வீணாயிற்று. அவற்றின் பின்பக்கத்தில் இன்றைக்கும் கடைக் கணக்கு எழுதுகிறோம்.

அப்புறம் ஆசை வந்தது முன்னும் பின்னுமாக மாறி மாறி மடிக்கும் விசிறி மடிப்பில். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியை வவுனியாவிலிருந்து பரந்தன் வரை ஒரே கோடாக இழுத்து, கட்டத்துக்கு ஓர் ஊர்: வவுனியா, ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன். எட்டு ஊர், எட்டுக் கட்டம். ஏ4 தாளை நீளவாட்டில் இரண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் நாலாக மடித்து, இரண்டையும் பின்னால் ஒரு ஒடுங்கிய தாள் வைத்து ஒட்டினால் போதும்.

இதில் நான் விட்ட பிழை, வவுனியாவில் தொடங்கி ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டு போனது. ஒரு மடிப்பில் ஒரு மில்லிமீற்றர் பிசகினால் அடுத்தது அதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வரும். கிளிநொச்சிக்குப் போய்ச் சேரும்போது மடிப்பு ஊர்ப் பெயரின் நடுவால் போயிற்று. முதலில் பாதியாக, பிறகு பாதியின் பாதியாக மடித்தால் பிசகு அங்கங்கேயே நின்றுவிடும்.

இன்னொன்று தாளின் நார். கடையில் வாங்கும் ஏ4 தாளில் நார் பெரும்பாலும் நீளவாட்டில் ஓடும். நாருக்குக் குறுக்கே மடித்தால் விளிம்பு பிசிறும், மடிப்பு படியாமல் எழும்பி நிற்கும். விசிறி மடிப்பு முழுக்கக் குறுக்குத்தான். மை தீர்ந்த பேனை அதற்குத்தான்: அடிமட்டத்தை வைத்து அழுத்தி ஒரு கோடு இழுத்துவிட்டு மடியுங்கள், கரண்டியின் முதுகால் தேயுங்கள்.

போட்டோக்கொப்பி மை தாளுக்குள் இறங்காது, மேலேதான் உருகி ஒட்டியிருக்கும். அதனால் மடிப்பில் உதிரும். என் வீதி ஒவ்வொரு ஊர் எல்லையிலும் வெள்ளையாக அறுந்து கிடந்தது. கடைசியில் மரம், கோவில், கடைகளை மட்டும் அச்சிட்டு, வீதியை மடித்த பிறகு ஒவ்வொரு பிரதியிலும் கையால் கீறினேன். ஒன்றைப்போல ஒன்று வராது, அது எனக்குப் பிடித்திருக்கிறது. இங்க்ஜெட்டில் எடுத்தால் மடிப்பில் உதிராது, ஆனால் ஈரப் பசை பட்டதும் கலங்கக்கூடும்.

பசைக்கு ஒரு பங்கு மாவை ஐந்து பங்கு தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அடுப்பில் வைத்துக் கண்ணாடிபோல வரும்வரை கிண்டுங்கள். மெல்லிசாகத் தடவுங்கள். பூச்சி அரிக்காமல் இருக்கப் புத்தகம் கட்டுகிறவர்கள் மயில்துத்தம் சேர்ப்பார்கள். நஞ்சு, பிள்ளைகள் உள்ள வீட்டில் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் எதுவும் காயாது. பழைய பத்திரிகைத் தாள்களுக்கு நடுவே வைத்து மேலே அம்மிக் குழவியை ஏற்றுங்கள், தாள்களை மாற்றிக்கொண்டே இருங்கள்.

கலைப்புத்தகம் என்றால் படங்களைச் சேர்த்து வைக்கும் அல்பம் என்று நினைத்துக்கொண்டு தொடங்காதீர்கள். ஓவியர் சனாதனன் 2011இல் வெளியிட்ட ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’வைப் பாருங்கள். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. இடம்பெயர்ந்த சனம் விட்டுவந்த வீடுகளை நினைவிலிருந்து கீறிக் கொடுத்த படங்களை அந்தப் பெயரில் தொகுத்திருக்கிறார். விட்டுவந்த வீடுகளுக்கு ஒரு பதிவேடு. எனக்கு வீதி கிடைத்ததும் அப்படித்தான்: விசிறி மடிப்பை விரிக்க விரிக்க ஊர் வரும், பஸ்ஸில் போவதுபோல.

உறைக்கு நிறைய யோசித்தேன். பிறகு முறிகண்டியில் பஸ் நின்றபோது வாங்கிய கச்சான் சரையை, அதாவது வேர்க்கடலை நிறைத்த தாள் கூம்பைப் பார்த்துவிட்டு, பழைய கொப்பித் தாளில் அதே மாதிரிச் சுற்றி உள்ளே புத்தகத்தை வைத்தேன். மாமா ஒருவருக்குக் கொடுத்தபோது, வாங்கின கையோடு உள்ளங்கையில் கொட்டப் பார்த்தார்.